எந்தத் தீவுக்கூட்டத்தை எடுத்து எழுதலாம்? தெற்கு சாண்ட்விச், ஹெர்ட்–மெக்டொனால்டு, இளவரசர் எட்வர்ட்: ஓர் ஒப்பீடு

மக்கள் குடியேறாத, தொலைதூர எரிமலைத் தீவுக்கூட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் நில அமைப்பையும் இடப்பெயர்களையும் சேர்த்து ஆய்வுக் கட்டுரையாகவோ வகுப்புத் திட்டப்பணியாகவோ எழுத விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும், எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முதற்கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். தென்கடல்களில் இத்தகைய தீவுக்கூட்டங்கள் பல உண்டு. அவற்றுள் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன: தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு சாண்ட்விச் தீவுகள், தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் உள்ள ஹெர்ட்–மெக்டொனால்டு தீவுகள், அதே கடலில் தென்னாப்பிரிக்காவுக்கு உரிய இளவரசர் எட்வர்ட் தீவுகள். இந்தியாவின் செயற்படும் எரிமலையான அந்தமான் கடலின் பாரன் தீவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒற்றைத் தீவு. தீவுக்கூட்டத்தில் பெயர்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவை அதில் காட்ட முடியாது என்பதே காரணம்.

குடிமக்கள் வாழும் நிலத்தில் மலைக்கும் ஓடைக்கும் பெயர் அங்கு வாழ்பவர்களின் வாயிலிருந்து வருகிறது. யாரும் வாழாத தீவிலோ ஒவ்வொரு பெயரும் கப்பலேறி வந்து இறங்கியது. அமைச்சர், அரசகுமாரன், கப்பல் தலைவன், கப்பல், முதலில் கரையைக் கண்ட மாலுமி, அன்றைய திருநாள், மூக்கில் ஏறிய நாற்றம் என ஏதோ ஒன்று அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஆகவே பெயர்களைத் தனியாகவும் நிலவியலைத் தனியாகவும் எழுதுவது இத்தகைய தீவுகளுக்குப் பொருந்தாது. இரண்டும் ஒன்றையொன்று விளக்கும் இடம் எது என்று தேடுவதே சரியான தேர்வு முறை என்பது என் உறுதியான கருத்து.

## எவற்றைக் கொண்டு அளப்பது

நான் முதலிடம் தருவது, பெயரும் நிலவடிவமும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்துள்ளன என்பதற்கு. அடுத்தது, பெயரிட்டவர் யார், எந்த ஆண்டு, எந்தக் கப்பலிலிருந்து என்ற செய்திகள் ஐயமின்றிக் கிடைக்கின்றனவா என்பது. மூன்றாவது, எரிமலை எவ்வாறு உருவாகிறது என்பதை அந்தத் தீவுகளை வைத்தே மாணவருக்குக் காட்ட முடியுமா என்பது. இவற்றோடு, பலரும் தொடக்கத்தில் கணக்கில் எடுக்காத மூன்று செலவுகளையும் பார்க்க வேண்டும்: பழைய நிலப்படங்களும் அளவுகளும் இன்றும் செல்லுபடியாகுமா, உரிமைத் தகராறு காரணமாக ஒரே இடத்துக்கு இரு மொழிகளில் பெயர்கள் வழங்குகின்றனவா, அந்தப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது குழப்பம் நேருமா.

| அளவுகோல் | தெற்கு சாண்ட்விச் | ஹெர்ட்–மெக்டொனால்டு | இளவரசர் எட்வர்ட் |
|---|---|---|---|
| ஆட்சி | பிரிட்டன். அர்ஜென்டினா உரிமை கோருகிறது | ஆஸ்திரேலியா | தென்னாப்பிரிக்கா |
| பரப்பு | சுமார் 310 சதுர கி.மீ. | ஹெர்ட் மட்டும் சுமார் 368 சதுர கி.மீ. | சுமார் 335 சதுர கி.மீ. |
| உயர்ந்த சிகரம் | பெலிண்டா, 1,370 மீ. | மாசன், 2,745 மீ. | மஸ்கரின், 1,200 மீட்டருக்கு மேல் |
| எரிமலையின் காரணம் | கடலடித் தட்டு (பூமியின் மேலோட்டுப் பாளம்) அமிழ்தல் | வெப்பப்புள்ளி (பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடம்), கெர்கெலன் மேட்டுநிலம் | கடலடி வெப்பப்புள்ளி |
| முதன்மைப் பெயர்கள் பிறந்த காலம் | 1775, 1819, 1930 | 1853 – 1855 | 1663, 1772, 1776, 2003 |
| ஆள் நடமாட்டம் | இல்லை | இல்லை | மரியன் தீவில் ஆய்வு நிலையம் |

அட்டவணையில் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவினவாகத் தோன்றும். உள்ளே நுழைந்த பிறகுதான் வேறுபாடு தெரியும்.

## தெற்கு சாண்ட்விச் தீவுகள்

பதினொரு தீவுகள் வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்கு, வில்லாக வளைந்து நிற்கின்றன. அதே கடலில் உள்ள தென் ஜார்ஜியா தீவிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் தென்கிழக்கே சென்றால்தான் வடகோடித் தீவான சவதோவ்ஸ்கியை எட்ட முடியும். இந்த வளைவு தற்செயலானது அன்று. தென் அமெரிக்கத் தட்டு கிழக்கிலிருந்து வந்து சிறிய சாண்ட்விச் தட்டின் அடியில் அமிழ்கிறது. அமிழும் விளிம்பில் 8,000 மீட்டருக்கும் ஆழமான அகழி உருவாகியிருக்கிறது. அகழிக்கு மேற்கே, ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மேலே வந்து தீவுகளாகத் தலைநீட்டுகிறது. தீவு வில், அகழி, நிலநடுக்கம், எரிமலை ஆகிய நான்கையும் ஒரே நிலப்படத்தில் காட்டக்கூடிய இடங்கள் உலகில் குறைவு. 2021 ஆகஸ்ட் 12 அன்று 8.1 அளவிலான நிலநடுக்கம் நேர்ந்ததும் இதே விளிம்பில்தான்.

பெயர்களைப் பொறுத்தவரை, இந்த வில்லை மூன்று காலப்படிவுகளாகப் படிக்கலாம். முதற்படிவு 1775 தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்பயணி ஜேம்ஸ் குக் தம் ரெசல்யூஷன் கப்பலில் வந்தபோது விழுந்தது. தென்பகுதித் தீவுகளை அவர் மூடுபனிக்கும் பனிக்கட்டிகளுக்கும் இடையே கண்டார். அவை தனித்தனித் தீவுகளா, ஒரே நிலத்தின் முனைகளா என்று அவரால் முடிவு செய்ய இயலவில்லை. அதனால்தான் இன்று மான்டேகு தீவு, பிரிஸ்டல் தீவு என அழைக்கப்படுபவை அவருடைய படத்தில் முனைகளாகக் குறிக்கப்பட்டன. மொத்தப் பகுதிக்கும் சாண்ட்விச் நிலம் என்று பெயர் இடப்பட்டது. கடற்படைத் துறையின் தலைவராக இருந்த நான்காவது சாண்ட்விச் பிரபு ஜான் மான்டேகுவே அந்தப் பெயருக்கு உரியவர். அவருடைய பட்டப்பெயர் கூட்டத்துக்கும், குடும்பப்பெயர் அதன் மிகப் பெரிய தீவுக்கும் போய்ச் சேர்ந்தன. 1778இல் குக் ஹவாய்த் தீவுகளுக்கும் அதே பிரபுவின் பெயரைச் சூட்டியதால், இங்கே தெற்கு என்ற அடைமொழி தேவைப்பட்டது.

குக் இட்ட மற்றப் பெயர்களும் அந்த நாட்களின் பயணக் குறிப்புகள் போலவே உள்ளன. அதுவரை அறியப்பட்ட நிலங்களில் தென்கோடியில் இருந்ததற்குத் தெற்குத் தூலே என்று பெயர். பண்டைய ஐரோப்பியர் வடகோடி நிலத்துக்கு வைத்திருந்த பெயரை அவர் தெற்கே கொண்டுவந்தார். பிப்ரவரி 2 அன்று கிறித்தவர்கள் மெழுகுவர்த்திகளை மந்திரிக்கும் கேண்டில்மஸ் திருநாள். அந்தப் பெயர் ஒரு தீவுக்கு உரியதாயிற்று. ஃபிரீஸ்லாந்து என்னும் பாறைச் சிகரம், அதை முதலில் கண்ட மாலுமியான சாமுவேல் ஃபிரீஸ்லாந்தின் பெயரைத் தாங்குகிறது. பிரபுக்களும் தளபதிகளும் நிறைந்த நிலப்படத்தில் ஒரு சாதாரண மாலுமிக்கும் இடம் கிடைத்தது என்பதை மாணவர்களுக்குத் தவறாமல் சுட்டிக்காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் படிவு ரஷ்யர்களுடையது. 1819இன் முடிவில் வஸ்தோக், மீர்னி ஆகிய கப்பல்களுடன் வந்த பெல்லிங்ஸ்ஹவுசன், குக் காணாத வடக்கு மூன்று தீவுகளைக் கண்டு அவற்றுக்கு ரஷ்யக் கடற்படை அமைச்சரின் நினைவாகத் திராவெர்சே தீவுகள் என்று பெயரிட்டார். சவதோவ்ஸ்கியும் லெஸ்கோவும் அவருடைய கப்பல் அதிகாரிகள்; மூன்றாவதான விசோக்கோய் மட்டும் மனிதர் பெயரன்று, ரஷ்ய மொழியில் உயரமானது என்று பொருள்படுவது, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் எழும் கூம்புக்கு அது முற்றிலும் பொருந்துகிறது. குக் ஒரே நிலமாக எண்ணிய தெற்குத் தூலே உண்மையில் பல தீவுகள் என்பதை நிறுவியவரும் பெல்லிங்ஸ்ஹவுசனே. அவற்றுள் ஒன்றுக்குக் குக்கின் பெயரை அவர் சூட்டினார். தமக்கு முன் வந்தவரின் பிழையைத் திருத்திய அதே இடத்தில் அவருக்கு மரியாதையும் செய்தார்.

மூன்றாம் படிவு 1930இல் ஸ்டான்லி கெம்ப் தலைமையில் டிஸ்கவரி II கப்பல் நடத்திய அளவாய்வோடு வந்தது. நான் மிகவும் மதிக்கும் பெயர்கள் இந்த வில்லின் வடகோடியில் உள்ளவை. சவதோவ்ஸ்கி தீவின் எரிமலை கந்தகப் புகை கக்குவது. அதன் மலைக்கு மூச்சுத்திணறல் என்ற பொருள் தரும் அஸ்ஃபிக்சியா என்ற பெயர் வழங்குகிறது. கரையோர முனைகளின் பெயர்களோ காரம், துர்நாற்றம், நச்சு, நெடி என்று வரிசையாக நீள்கின்றன. புகையோடு, இலட்சக்கணக்கான சின்ஸ்டிராப் பென்குயின்களின் எச்சமும் சேர்ந்து எழுப்பும் வாடை அது. எரிமலை வாயுக்களைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதற்கு இதைவிடச் சிறந்த வாயில் எனக்குத் தெரியாது. இதே வகையில், சவதோவ்ஸ்கிக்கு வடமேற்கே 1962இல் கடலடியில் வெடித்து, நுரைக்கல் திட்டுகளைக் கடலில் மிதக்கவிட்ட எரிமலை, அந்த நுரைக்கல்லை எதிர்கொண்ட கப்பலின் பெயரால் புரொடெக்டர் திட்டு என்று வழங்குகிறது.

எரிமலைகள் இன்றும் ஓயவில்லை. மான்டேகு தீவின் பெலிண்டா 2001இல் தொடங்கிப் பல ஆண்டுகள் குமுறியது. சாண்டர்ஸ் தீவின் மைக்கேல் மலை உச்சியில் நிலையான எரிகுழம்பு ஏரி இருப்பதை 2019இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு உறுதிப்படுத்தியது. உலகில் இத்தகைய ஏரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இந்தத் தேர்வில் செலவும் உண்டு. முதலாவது உரிமைத் தகராறு. அர்ஜென்டினா 1976இல் தூலே தீவில் கொர்வெட்டா உருகுவாய் என்ற தளத்தை அமைத்தது. 1982 ஜூனில் பிரிட்டன் அதை அகற்றியது. இரு நாடுகளும் தத்தம் மொழியில் பெயர்ப்பட்டியல் வைத்துள்ளன. தூலேயை மொரெல் என்று குறிக்கும் படங்களும் உண்டு. எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, நாட்காட்டி. ரஷ்யர்கள் அக்காலத்தில் பழைய நாட்காட்டியைப் பயன்படுத்தினர். 19ஆம் நூற்றாண்டில் அது பன்னிரண்டு நாள் பின்தங்கியிருந்தது. எந்த முறையில் எழுதப்பட்டது என்று பாராமல் தேதியை எடுத்தால், 1819 டிசம்பர் 1820 ஜனவரியாகிவிடும். மூன்றாவது, ரஷ்யப் பெயர்கள் ஆங்கில எழுத்துக்கூட்டல் வழியாகவே நம்மை அடைவதால் தமிழில் பலவாறு எழுதப்படுகின்றன. ஒரே வடிவத்தைக் கடைப்பிடிப்பதற்குக் கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் தேவைப்படும்.

## ஹெர்ட்–மெக்டொனால்டு தீவுகள்

இந்தத் தீவுகள் பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தென்மேற்கே உள்ளன. விமானத்தளம் இல்லை, கப்பலில் போக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஹெர்ட் தீவு என்பதே பெரும்பாலும் பிக் பென் என்னும் ஒரே எரிமலைதான். அதன் மாசன் சிகரம் 2,745 மீட்டர் உயரமுள்ளது; ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் உயர்ந்த மலையான கோசியஸ்கோவைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூடுதல். தீயும் பனியும் ஒரே மலையில் இருப்பதைப் படமாகக் காட்ட விரும்பும் ஆசிரியருக்கு இதுவே முதல் தேர்வு. உச்சியில் எரிகுழம்பு, சரிவெங்கும் பனியாறுகள், அடிவாரத்தில் கருமணல் கடற்கரை.

பெயர்களின் கதை சுருக்கமானது, தெளிவானது. 1850களில் பொன் தேடி மெல்போர்னுக்கு விரைந்த கப்பல்கள், உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி எது என்று கணக்கிட்டுத் தெற்கே மிகத் தாழ்ந்து சென்றன. அந்த வழியில் பாஸ்டனிலிருந்து ஓரியண்டல் கப்பலைச் செலுத்தி வந்த ஜான் ஹெர்ட், 1853 நவம்பர் 25 அன்று பெரிய தீவைக் கண்டார். ஆறு வாரத்துக்குள், 1854 ஜனவரி 4 அன்று, சமராங் கப்பலின் தலைவர் வில்லியம் மெக்டொனால்டு அருகிலுள்ள சிறு தீவுகளைக் கண்டார். பிரிட்டனின் சீல் வேட்டைக்காரர் பீட்டர் கெம்ப் 1833லேயே ஹெர்ட் தீவைக் கண்டிருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆனால் பெயர் அவருக்குக் கிட்டவில்லை. முதலில் கண்டவர் பெயரே நிலைக்கும் என்று நம்பும் மாணவரிடம் இந்த எடுத்துக்காட்டை வையுங்கள். வணிகக் கப்பல் தலைவர்கள் செய்தியைத் துறைமுகத்தில் பரப்பினார்கள். வேட்டைக்காரர்களுக்கோ தாங்கள் கண்ட களத்தை மறைத்து வைப்பதில் ஆதாயம் இருந்தது. 1855 முதல் யானைசீல்களை வேட்டையாட வந்தவர்களின் கப்பல்கள் அட்லஸ் குடா, கொரிந்தியன் விரிகுடா என்ற பெயர்களில் இன்றும் கரையோரமாக நிற்கின்றன.

1947 டிசம்பரில் பிரிட்டன் இத்தீவுகளை ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைத்தது. அட்லஸ் குடாவில் இருந்த ஆய்வு நிலையம் 1955இல் மூடப்பட்டது. உரிமையில் தகராறு இல்லை, பெயர்ப்பட்டியல் ஒன்றே. எனவே செலவு குறைவு என்று தோன்றும். உண்மையான செலவு அளவுகளில் இருக்கிறது. மெக்டொனால்டு தீவின் எரிமலை நெடுங்கால உறக்கத்துக்குப் பிறகு 1992இல் விழித்து, சில ஆண்டுகளில் தீவின் பரப்பை இரட்டிப்பாக்கி, பக்கத்திலிருந்த தட்டைத் தீவையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. பழைய படத்தில் தனித்தீவாக நிற்கும் பெயர் இன்று நிலத்தில் தீவே அன்று. மறுபுறம், ஹெர்டின் பிரௌன் பனியாறு 1947க்குப் பின் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கி, முன்பு பனி இருந்த இடத்தில் நீர்நிலையை விட்டுச் சென்றுள்ளது. 1992க்கு முந்தைய நூல்களிலிருந்து எடுக்கும் ஒவ்வோர் அளவையும் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும்.

2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதி வரி அறிவித்த பட்டியலில் இந்தத் தீவுகளும் இடம்பெற்று உலகச் செய்தியானது. அதன்பின் இணையத்தில் குவிந்த எழுத்தில் பெரும்பகுதி பென்குயின் கேலிச் செய்திகளே. நிலவியலைத் தேடும் மாணவர் அந்தக் குவியலைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1997இல் இது உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது எழுதப்பட்ட ஆவணங்களிலிருந்து தொடங்குவது நல்லது.

## இளவரசர் எட்வர்ட் தீவுகள்

மரியன், இளவரசர் எட்வர்ட் என இரண்டே தீவுகள். இடைவெளி சுமார் 20 கிலோமீட்டர். நூற்றுக்கும் மேற்பட்ட எரிகூம்புகள் மரியன் தீவின் மேல் சிதறிக் கிடக்கின்றன. வரலாற்றுக் காலத்தில் முதன்முதலாகப் பதிவான வெடிப்பு 1980இல் நேர்ந்தது. நிலவியலில் இது மற்ற இரண்டுக்கும் பின்னேதான் நிற்கும். ஆனால் ஒரே இடத்தின் மேல் பெயர்கள் அடுத்தடுத்து ஏறி, முன்னவை அழிந்துபோன கதையை இவ்வளவு முழுமையாகச் சொல்லும் தீவுக்கூட்டம் வேறில்லை.

1663 மார்ச்சில் டச்சுக் கப்பலான மார்செவேன் இவற்றைக் கண்டு தீனா, மார்செவேன் என்று பெயரிட்டது. அட்சரேகையைப் பதிவு செய்ததில் ஐந்து பாகை பிழை. தெற்கே 46 பாகைக்குப் பதில் 41 என்று எழுதப்பட்டது. பின்னால் தேடியவர்கள் வெறுங்கடலையே கண்டார்கள். பெயர்களும் அதோடு போயின. 1772 ஜனவரியில் பிரெஞ்சு மாலுமி மரியன் து ஃபிரேன் வந்து, தென்பெருங்கண்டத்தின் விளிம்பைக் கண்டதாக எண்ணி, பெரிய தீவை நம்பிக்கை நிலம் என்றும், சிறியதைக் குகைத்தீவு என்றும் அழைத்தார். அந்த நம்பிக்கை பொய்த்ததும் அப்பெயரும் நிலைக்கவில்லை. 1776 டிசம்பரில் குக் வந்து, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் நான்காம் மகனான எட்வர்டின் பெயரை இட்டார். பெரிய தீவுக்கு மரியனின் பெயர் வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டிலும் இது ஓயவில்லை. தென்னாப்பிரிக்கா 1947–48இல் தீவுகளை இணைத்துக்கொண்டபோது வந்த கப்பலின் நினைவாக டிரான்ஸ்வால் குடா. உயர்ந்த சிகரத்துக்கோ நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஸ்வார்ட்டின் பெயர். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, 2003இல் அந்தப் பெயரை நீக்கி, மரியன் து ஃபிரேன் வந்த மஸ்கரின் கப்பலின் பெயரை வைத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய செலவுகள் மூன்று. மரியனில் ஆண்டு முழுவதும் ஆய்வாளர்கள் தங்கும் நிலையம் உள்ளது. நிலையான குடிமக்கள் இல்லை என்று எழுதலாம், மனிதரே இல்லை என்று எழுத முடியாது. கனடாவில் அதே எட்வர்டின் பெயரைத் தாங்கும் மாகாணமே இருப்பதால், தேடும்போது பெரும்பாலும் அதுவே வந்து நிற்கும். மரியன் என்று தொடங்கித் தேடுவது பயன் தரும். கடைசியாக, இந்தத் தீவைப் பற்றிய எழுத்துகள் பூனை, எலிப் பக்கமே சாயும். 1940களின் இறுதியில் நிலையத்தில் எலிகளைப் பிடிக்கக் கொண்டுவந்த ஐந்து பூனைகள் பெருகி ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கடற்பறவைகளைக் கொன்றன. 1991க்குள் அவற்றை ஒழித்தார்கள். இப்போது எலிகள் ஆல்பட்ராஸ் குஞ்சுகளைத் தாக்குகின்றன. மனத்தை உலுக்கும் செய்தி, எழுத வேண்டிய செய்தி. ஆனால் பெயரும் நிலமும் உங்கள் தலைப்பு என்றால் ஒரு பத்திக்கு மேல் அதற்கு இடம் தராதீர்கள்.

## யாருக்கு எது

பள்ளி மாணவர், சில வாரங்களில் முடிக்க வேண்டிய திட்டப்பணி என்றால் ஹெர்ட்–மெக்டொனால்டு. ஒரு மலை, இரண்டு தலைவர்கள், தகராறற்ற உரிமை, கண்ணுக்குத் தெரியும் மாற்றம். 1992க்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை அருகருகே ஒட்டினாலே வகுப்பு பேசத் தொடங்கிவிடும். வரலாற்று ஆசிரியர், ஆதிக்கமும் பெயரிடலும் என்ற கோணத்தில் எழுத விரும்பினால் இளவரசர் எட்வர்ட். அவருக்கு எரிமலை பின்புலம் மட்டுமே. 1663 முதல் 2003 வரை நீளும் பெயர்மாற்றங்களே கட்டுரை.

புவியியல் முதுகலை மாணவருக்கும், பொறுமையாக எழுத நேரம் உள்ள எவருக்கும் நான் பரிந்துரைப்பது தெற்கு சாண்ட்விச் தீவுகளையே. பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பாறைக்கும் புகைக்கும் இட்டுச் செல்வது மூன்றிலும் அது ஒன்றுதான். உரிமைத் தகராறும் இரட்டைப் பெயர்களும் உழைப்பைக் கூட்டும் என்றாலும், அந்த உழைப்பும் தலைப்புக்கு உட்பட்டதே. எதைத் தேர்ந்தாலும், எழுதத் தொடங்கும் முன் பெயர், பெயரிட்டவர், ஆண்டு, குறிக்கும் நிலவடிவம் என நான்கு நெடுவரிசைகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்துக்கொள்ளுங்கள். பெயரிட்டவர் யாரென்று உறுதியாகத் தெரியாத இடங்களில் அந்தக் கட்டத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெறுமையாகவே விடுங்கள்.